வத்தல் காயும் மாடியிலிருந்து: நிக்கான் பி900 கேமராவோடு நாலு வருடம்

எங்கள் வீடு இலஞ்சியில். மொட்டை மாடியில் நின்று மேற்கே பார்த்தால் குற்றால மலை. கிழக்கே திரும்பினால் தென்னந்தோப்புகளுக்கு மேலே தென்காசி காசி விஸ்வநாதர் கோயில் கோபுரம். இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிற வானத்தை நம்பித்தான் என் பிழைப்பு. மாசி பிறந்ததிலிருந்து வைகாசி பாதி வரைக்கும் மாடியில் கூழ் வத்தலும் மோர் மிளகாயும் சுண்டை வத்தலும் காயவைத்து விற்கிறேன். காலையில் பிழிந்த வத்தல் பாதி காய்ந்து கிடக்கும்போது மூன்று மணிக்கு ஒரு மழை விழுந்தால் அன்றைய அரிசி, கேஸ், கூலி எல்லாம் போச்சு. அதனால் இருபது வருடமாக வானத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அதைப் படம் எடுக்க ஆரம்பித்துத்தான் நாலு வருடம் ஆகிறது.

எடுக்கிற கேமரா நிக்கான் கூல்பிக்ஸ் பி900. பறவை எடுக்கிறவர்கள் இதைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறார்கள். வீட்டு மாடியில் நின்று மேகத்தையும் மழையையும் எடுக்கிறவர்களுக்கு இது எப்படி என்று நான் வாங்கும் முன் தேடினேன், தமிழில் ஒன்றும் அகப்படவில்லை. அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஃபோன் இருக்கும்போது கேமரா எதற்கு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சித்திரையில் மதியம் இரண்டு மணிக்கு மேல் வடகிழக்கே, சங்கரன்கோவில் பக்கமாக, திரள் மேகம் எழும்பும். வெறும் கண்ணுக்கு அது வெள்ளை வெளேரென்று அசையாமல் நிற்பது போல இருக்கும். அது வளர்கிறதா, இல்லை அப்படியே கரைந்துவிடுமா என்பதுதான் எனக்குத் தெரியவேண்டிய விஷயம். ஃபோனில் எடுத்தால் படத்தின் மூலையில் ஒரு பஞ்சுத் துண்டு தெரியும், அவ்வளவுதான். விரலால் பெரிதாக்கினால் மெழுகு பூசின மாதிரி ஆகிவிடும். லீவுக்கு வந்திருந்த மகன் அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு, "எம்மா, ஒனக்கு வேண்டியது புது ஃபோன் இல்ல, நல்ல ஜூம்" என்றான்.

தென்காசியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சியிடம் பழைய பி900 ஒன்று சும்மா கிடந்தது. 19,500 ரூபாய்க்குப் பேசி முடித்தோம். பேட்டரி, சார்ஜர், தோள்பை எல்லாம் சேர்த்து. அவர் ஒளிக்காமல் சொன்னார்: "அக்கா, இத வச்சு கல்யாணம் எடுக்க முடியாது, மண்டபத்துக்குள்ள வெளிச்சம் பத்தாது. வானந்தான்னா தாராளமா எடுத்துட்டுப் போங்க." நாலு வருடத்துக்குப் பிறகு யோசித்துப் பார்த்தால், இந்தக் கேமராவைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது.

இது 2015-ல் வந்த மாடல். 83 மடங்கு ஜூம். ஃபிலிம் கேமரா கணக்கில் சொன்னால் 24 மி.மீ.யிலிருந்து 2000 மி.மீ. வரை போகிறது; எண் கூடக் கூடத் தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும். 16 மெகாபிக்சல். எடை 899 கிராம், கிட்டத்தட்ட ஒரு கிலோ அரிசி. இவ்வளவு நீள ஜூமை இவ்வளவு சின்ன உடம்பில் எப்படி அடைத்தார்கள் என்றால், உள்ளே ஒளியைப் படமாகப் பதிகிற சென்சார் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. அதன் நல்லதும் கெட்டதும் எல்லாம் அந்த ஒரு விஷயத்திலிருந்துதான் வருகிறது. வெளிச்சம் இருந்தால் ராஜா. பொழுது சாய்ந்தால் படம் முழுக்க ரவை தூவின மாதிரி புள்ளிகள்.

எனக்கு அதிகம் உதவியது மேகத்தின் ஓரம். வாங்கின முதல் சித்திரையிலேயே இது பிடிபட்டது. வளர்கிற திரள் மேகத்தின் தலையைப் பாதி ஜூம்கூட வேண்டாம், முன்னூறு நானூறு மி.மீ.யில் பார்த்தாலே போதும், ஓரம் கத்தியால் வெட்டினது போல இருக்கும். மொட்டு மொட்டாகப் புடைத்துக்கொண்டு, ஒவ்வொரு மொட்டுக்கும் கீழே சாம்பல் நிழல் விழுந்து, கொதிக்கிற கூழில் குமிழ் எழும்புகிற மாதிரியே மெதுவாக உருளும். வளர்ச்சி நின்ற மேகத்தின் ஓரம் அப்படி இருக்காது. பிய்ந்த பஞ்சு போல இழை இழையாக ஆகி, வானத்தோடு எங்கே சேர்கிறது என்று தெரியாமல் கலைந்துவிடும். இந்த வித்தியாசம் நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற மேகத்தில் வெறும் கண்ணுக்குத் தெரியாது.

இப்போது என் வழக்கம் இதுதான். இரண்டு மணிக்கு ஒரு படம். பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பு படத்தின் அடியில் வருகிற மாதிரி வைத்து எடுப்பேன். பத்து நிமிடம் கழித்து அதே ஜூமில், அதே விளிம்பை வைத்து இன்னொன்று. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தால் மேகம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அப்பட்டமாகத் தெரிந்துவிடும். உச்சி தட்டையாகி இருபக்கமும் பட்டறைக் கல் மாதிரி பரவ ஆரம்பித்தால் அது கார்திரள் மேகமாகிவிட்டது, மேலே பனித்துகளாக உறைந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குக் கீழே இருக்கிற ஊரில் அந்நேரம் இடியும் மழையுமாக இருக்கும். இனி அது நம் பக்கம் நகர்கிறதா என்பதை மட்டும் பார்த்தால் போதும். போன சித்திரையில் அப்படி இரண்டு படத்தை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, வெயில் சுள்ளென்று அடிக்கும்போதே நாலு சேலை வத்தலையும் சுருட்டி உள்ளே கொண்டுவந்தேன். அடுத்த வீட்டு மதினி கீழிருந்து, "என்ன மதினி, இந்த வெயிலப் போயி விடுதீய" என்று கேட்டார். நாலரை மணிக்கு மழை கொட்டியது. இப்போது அவரும் மிளகாய் காயப்போடும் நாட்களில் முதலில் என்னிடம்தான் கேட்கிறார்.

வெள்ளை மேகம் எடுக்கும்போது ஒரு விஷயம் கண்டிப்பாகச் செய்யவேண்டும். கேமராவை அதன் போக்கில் விட்டால் மேகத்தின் பளீர் வெள்ளை வெறும் தாளாகிவிடும், உள்ளே இருக்கிற மொட்டெல்லாம் காணாமல் போகும். பி900 ஜேபெக் மட்டும்தான் தரும், சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கிற ரா ஃபைல் கிடையாது. எரிந்த வெள்ளையைப் பிறகு கம்ப்யூட்டரில் மீட்கலாம் என்ற பேச்சே இல்லை. அதனால் எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, மைனஸ் 0.7-ல் வைத்துவிடுவேன், நடு மதியம் என்றால் மைனஸ் 1. தரை இருட்டாக வரும், வரட்டும். மேகம் முழுசாகக் கிடைக்கும்.

ஆனி பிறந்தால் வத்தல் வேலைக்கு லீவு. மேல்காற்று ஆரம்பித்துச் சாரல் வந்துவிடும். ஊர் முழுக்கக் குற்றாலத்துக்கு ஆள் வரும், எனக்கு மாடி காலியாகிவிடும். இந்த மூன்று மாதம் நான் எடுப்பதெல்லாம் மலைமேல் நிற்கிற மேகம்தான்.

இந்த மேகத்தைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். சீசன் நாட்களில் மலை முகட்டின் மேல் நீளமாக ஒரு வெள்ளை மெத்தை போட்டது போல மேகம் கிடக்கும். காலையில் பார்த்தாலும் அங்கேயே, மதியம் பார்த்தாலும் அங்கேயே. ஆனால் தலைக்கு மேலே காற்று ஆளைத் தள்ளுகிற வேகத்தில் அடித்துக்கொண்டிருக்கும். இவ்வளவு காற்றில் அது எப்படி நகராமல் நிற்கிறது என்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே கேள்வி. பி900-ல் டைம்லேப்ஸ் என்று ஒரு வசதி இருக்கிறது. இயற்கைக் காட்சி என்ற தேர்வில் வைத்தால் 25 நிமிடம் தானாகவே எடுத்து 10 விநாடி வீடியோவாகக் கொடுத்துவிடும். சூரிய அஸ்தமனத்துக்கு 50 நிமிடம். முக்காலியில் வைத்து, காற்றுக்கு ஆடாமல் இருக்க நடுவில் ஒரு செங்கலைப் பையில் போட்டுத் தொங்கவிட்டு, முகட்டைப் பார்த்து வைத்தேன்.

பத்து விநாடி வீடியோவில் பதில் கிடைத்தது. மேகம் நிற்கவே இல்லை. கேரளப் பக்கத்திலிருந்து ஏறுகிற ஈரக்காற்று மேலே போகப் போகக் குளிர்ந்து முகட்டில் மேகமாகிறது. நம் பக்கம் சரிவில் இறங்குகிற காற்று சூடாகிறது, மேகம் கரைகிறது. அந்தப் பக்கம் புதிதாகப் பிறந்துகொண்டே, இந்தப் பக்கம் இல்லாமல் போய்க்கொண்டே இருக்கிறது. வீடியோவில் அது மலைச்சரிவில் பால் பொங்கி வழிந்து, பாதி வழியில் காற்றோடு காற்றாக மறைவது போல இருந்தது. நான் அதைக் குறைந்தது ஐம்பது தடவையாவது பார்த்திருப்பேன். என் மாமியாருக்குக் காட்டினேன். எண்பது வயதுக்கு மேல், பிறந்ததிலிருந்து இந்த மலையைப் பார்த்துக்கொண்டிருப்பவர். ஃபோனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்ட வைத்துக்கொண்டு, "அது ஓடிக்கிட்டுதான் இருந்துருக்கு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. திரும்பத் திரும்பப் போடச் சொல்லிப் பார்த்தார்.

அந்த வீடியோ ஒன்றுக்காகவே 19,500 தகும் என்று எனக்குத் தோன்றுகிறது. டைம்லேப்ஸ் இப்போது எல்லா ஃபோனிலும் இருக்கிறது, உண்மைதான். ஆனால் எங்கள் மாடியிலிருந்து முகட்டை மட்டும் சட்டம் போட்டது போல எடுக்க ஜூம் வேண்டும். ஃபோனில் வானமும் தோப்பும் கரண்ட் கம்பியும் சேர்ந்து வருகிறது, மேகம் ஒரு கோடாகிவிடுகிறது.

சாரலில் இன்னொரு கொடை உண்டு. காலை வானவில். மற்ற ஊர்களில் வானவில் என்றால் பெரும்பாலும் சாயங்காலம், கிழக்கே. இங்கே ஆடி மாதம் காலையில் சூரியன் கிழக்கே தெளிவாக இருக்கும்போதே மேற்கே மலையிலிருந்து சாரல் இறங்கிவரும். வானவில் எப்போதும் சூரியனுக்கு நேர் எதிரே வருகிற சங்கதி என்பதால், மலையின் மேலேயே விழும். பச்சை மலை, அதன் முன்னால் வில். சூரியன் 42 பாகைக்கு மேல் ஏறிவிட்டால் வில் தரைக்குக் கீழே போய்விடும். எங்கள் ஊரில் அந்த மாதங்களில் கணக்குப் பார்த்தால் காலை ஒன்பதேகால் வரைக்கும்தான் நேரம். ஏழு மணிக்கு எடுத்தால் உயரமான வில், எட்டரைக்கு எடுத்தால் மலையடிவாரத்தில் படுத்துக்கிடக்கிற வில்.

இந்த இடத்தில்தான் பி900 கைவிடுகிறது. சூரியன் உதித்த கையோடு வருகிற வானவில்லின் இந்தக் காலிலிருந்து அந்தக் கால் வரை 84 பாகை. கேமராவின் மிக அகலமான கோணத்திலும் பக்கவாட்டில் எழுபது பாகை சொச்சம்தான் அடங்கும். ஒரு கால் வெட்டுப்படும். முழு வில் வேண்டுமென்றால் இரண்டு படம் எடுத்து ஒட்டவேண்டும், இல்லாவிட்டால் ஃபோனில் இருக்கிற அல்ட்ரா வைடைத் திறக்கவேண்டும். நான் இப்போது வானவில்லுக்கு ஃபோனைத்தான் எடுக்கிறேன். வில்லின் ஒரு கால் மட்டும் எங்கே மலையைத் தொடுகிறது என்று எடுக்க பி900. அப்படி எடுத்த ஒரு படத்தில் ஊதா நிறத்துக்கு உள்பக்கம் மெல்லிசாக இன்னும் இரண்டு பச்சை, ஊதாக் கோடுகள் தெரிகின்றன. சின்னத் துளிகளில் ஒளி அலைகள் ஒன்றோடொன்று சேர்ந்தும் மோதியும் உண்டாகிற கூடுதல் வில்கள் அவை. சாரல் துளி பொடியாக இருப்பதால்தான் அது தெரிகிறது. பெருமழைத் துளியில் அவ்வளவு தெளிவாக வராது. எத்தனையோ வருடம் பார்த்த வானவில்லில் நான் அதைக் கவனித்ததே இல்லை.

இதோடு சேர்ந்த இன்னொரு அனுபவம். லென்ஸின் முன்னால் 67 மி.மீ. ஃபில்டர் மாட்டிக்கொள்ளலாம். வானம் நன்றாக நீலமாக வரும் என்று போலரைசர் ஒன்று வாங்கினேன். ஒரு தளத்தில் அதிர்கிற ஒளியை மட்டும் உள்ளே விடுகிற, திருகக்கூடிய ஃபில்டர் அது. வானவில் நேரத்தில் அதைத் திருகினேன், கண்ணெதிரே வில் அழிந்துபோனது. பயந்துவிட்டேன். இன்னும் கால் வட்டம் திருகினால் முன்னைவிடப் பளிச்சென்று திரும்பி வந்தது. வானவில்லின் ஒளி ஒரே தளத்தில் அதிர்கிற ஒளி என்பதால் அப்படி. எனவே போலரைசர் வைத்திருப்பவர்கள் வில்லைப் பார்த்தபடியே திருகுங்கள், படம் எடுத்துவிட்டுப் பிறகு தேடாதீர்கள்.

அப்புறம் நிலா. இந்தக் கேமரா பேர் வாங்கினதே நிலாவை வைத்துத்தான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. முழு ஜூமில் நிலா படத்தின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கை நிறைத்துவிடும், பள்ளங்கள் துல்லியமாகத் தெரியும். நிலா நகர்ந்துகொண்டே இருக்கும் என்பதை முழு ஜூமில்தான் உணரமுடியும். இரண்டு நிமிடத்தில் தன் அகலத்துக்குத் தள்ளிப் போய்விடும். ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் அளவு) 100, ஷட்டர் திறந்திருப்பது விநாடியில் 125-ல் ஒரு பங்கு, இதுதான் என் அளவு. முழு நிலாவைவிட எட்டாம் நாள் வாக்கில் வரும் பாதி நிலாதான் அழகு, நிழல் விழுவதால் பள்ளத்தின் கரைகள் எழும்பித் தெரியும். ஜூம் பண்ணின பிறகு நிலா தப்பிவிட்டால் லென்ஸின் பக்கத்தில் ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்திப் பிடித்தால் பார்வை அகலமாகும், நிலாவை நடுவில் கொண்டுவந்து விட்டுவிட்டால் பழைய ஜூமுக்கே போய்விடும். சின்ன வசதிதான், ஆனால் அது இல்லாவிட்டால் நான் பாதி நாள் வெறும் இருட்டில் நிலாவைத் தேடிக்கொண்டிருப்பேன்.

வானிலைக்காரருக்கு நிலாவைவிட நிலாவைச் சுற்றி இருப்பது முக்கியம். "கிட்ட வட்டம் எட்ட மழை, எட்ட வட்டம் கிட்ட மழை" என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். நான் அதை ஒரே வட்டம் பெரிதும் சிறிதுமாக வருவதாக நினைத்திருந்தேன். படம் எடுத்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, இரண்டும் வேறு வேறு சமாச்சாரம். கிட்ட வட்டம் என்பது மெல்லிய மேகத்தின் நீர்த்துளிகளில் உண்டாவது. நிலாவை ஒட்டி மஞ்சளும் செம்மண் நிறமுமாக இருக்கும். எட்ட வட்டம் என்பது மிக உயரத்தில் பரவியிருக்கிற படலத்தின் பனித்துகள்களில் உண்டாவது. நிலாவிலிருந்து 22 பாகை தள்ளி, கையை நீட்டி விரல்களை விரித்தால் ஒரு சாண் தூரத்தில், பெரிய வட்டமாக நிற்கும். பெரிய மழை மண்டலம் வரும்போது அதன் முன்னோடியாக வருவது அந்த உயரப் படலம்தான் என்பதால் பழமொழியில் விஷயம் இருக்கிறது. ஆனால் எங்கள் மாடியில் பதினொரு எட்ட வட்டம் எடுத்து வைத்திருக்கிறேன், அதில் ஐந்துக்குத்தான் இரண்டு நாளுக்குள் மழை வந்தது. இந்த வட்டம் வானவில்லைப் போல இல்லை, 24 மி.மீ.யில் முழுசாக அடங்கிவிடும். முக்காலியில் வைத்து நாலு விநாடி திறந்துவைத்தால் போதும்.

மின்னலுக்கு இந்தக் கேமரா சுமார்தான். மேனுவலில் வைத்து, ஐஎஸ்ஓ 100, துளை 5.6, எட்டு விநாடி, ஃபோகஸை முடிவிலியில் நிறுத்தி, ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக்கொண்டே போகவேண்டும். முப்பது நாற்பது படத்தில் ஒன்று தேறும். அந்த ஒன்றிலும் இருட்டுப் பகுதியில் புள்ளிகள் இருக்கும். தூரத்து மேகத்துக்குள்ளேயே விளக்கு எரிகிற மாதிரி வெட்டுகிற மின்னல் மட்டும் நன்றாக வருகிறது. தயவுசெய்து ஒன்றைக் கேளுங்கள்: இடிச்சத்தம் காதில் விழுந்துவிட்டால் மாடியில் நிற்காதீர்கள். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் கணக்கு. பத்து விநாடி இருந்தால் மூன்று கிலோமீட்டர்தான், அடுத்தது உங்கள் மாடியிலேயே விழலாம். நான் முக்காலியை மாடிப்படி அறைக்குள் வைத்து ஜன்னல் வழியாகத்தான் எடுக்கிறேன். படத்தில் ஜன்னல் கம்பி வந்தாலும் சரிதான்.

இனி குறைகள். கண் வைத்துப் பார்க்கிற வியூஃபைண்டர் ரொம்பச் சின்னது, நல்ல வெயிலில் மேகத்தின் நிறபேதம் அதில் சரியாகத் தெரியாது. திரையைத் திருப்பிக்கொள்ளலாம் என்பது ஆறுதல். மாடியில் கேமராவைக் கைப்பிடிச்சுவரில் வைத்து, உட்கார்ந்தபடி திரையைப் பார்த்து எடுக்கலாம், கழுத்து வலிக்காது. பேட்டரி 360 படம் என்று கணக்குச் சொல்கிறார்கள், ஜூமை நிறைய ஓட்டினால் எனக்கு அதைவிடக் குறைவாகத்தான் வருகிறது. கேமராவுக்குள்ளேயே வைத்துத்தான் சார்ஜ் ஏற்றவேண்டியிருப்பதால் இரண்டாவது பேட்டரி ஒன்று வாங்கிவிட்டேன்.

முழு ஜூமைப் பகலில் நம்பாதீர்கள். கேமராவின் தப்பு இல்லை அது. பங்குனி வெயிலில் தகரக் கூரைகளுக்கு மேலே காற்று கொதிக்கும்போது 2000 மி.மீ.யில் எடுத்தால் தண்ணீருக்கடியில் எடுத்தது போல எல்லாம் நெளியும். தூசிமூட்டத்தில் மலையே தெரியாது. ஒரு கோடை மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலை ஆறரை மணிக்கு எடுத்துப்பாருங்கள். மலை நடந்து வந்து வாசலில் நின்றது போல இருக்கும். பாறைகளில் புதிதாக இறங்குகிற ஓடைகள் வெள்ளை நூலாகத் தெரியும். கோபுரத்தின் கலசங்களை நாலைந்து கிலோமீட்டர் தள்ளியிருந்தே எண்ணலாம்.

கோபுரம் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் வருடத்தில் இரண்டு தடவை சூரியன் கோபுரத்துக்கு நேர் பின்னால் உதிக்கிறது. ஐப்பசியில் ஒன்று, மாசியில் ஒன்று. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை மேகம் மறைத்துவிடும், அதனால் மாசிதான் கதி. மூன்று மாசியில் ஒரே ஒரு தடவை கிடைத்தது. 180 அடிக் கோபுரத்தின் மேல்பகுதி அந்தச் சிவப்புத் தட்டுக்குள் கரிக்கோடாக நிற்கிறது. தட்டு சிவப்பாக, பார்க்கக் கண் கூசாமல் இருக்கிற முதல் இரண்டு மூன்று நிமிடம்தான். அதற்கு மேல் முழு ஜூமில் சூரியனைப் பார்த்துக் கேமராவை நிறுத்தக் கூடாது, சென்சார் கருகிவிடும்.

பெரிய குறை ஈரம். இந்தக் கேமராவுக்கு மழைக் காப்பு எதுவும் கிடையாது. எங்கள் ஊர்ச் சாரல் மேலிருந்து விழாது, பக்கவாட்டில் வரும், குடைக்குள் நுழைந்துவிடும். மேற்கே பார்த்து எடுக்கும்போது லென்ஸின் மேலேயே துளி உட்காரும். நான் பால்கவரைக் கத்தரித்து ரப்பர் பேண்ட் போட்டு மாட்டுகிறேன், முன்னால் சாதா கண்ணாடி ஃபில்டர் ஒன்று எப்போதும் இருக்கும், பாக்கெட்டில் பழைய பருத்தி வேட்டித் துண்டு. முதல் வருடம் இவ்வளவு ஜாக்கிரதை எனக்குத் தெரியாது. சாரலில் எடுத்துவிட்டு அப்படியே தோள்பையில் போட்டு மூடி வைத்தேன். ஆவணியில் எடுத்துப் பார்த்தபோது லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி மெல்லிய பூஞ்சை. மதுரைக்கு அனுப்பிச் சுத்தம் செய்ய 2,800 ரூபாயும் மூன்று வாரமும் ஆனது. அந்த மூன்று வாரத்தில் வந்த மேகங்களை நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை.

பூஞ்சைக்கு மருந்து என்னிடமே இருந்தது. வத்தல் அடைத்து வைக்கிற இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா. வத்தல் நமுத்துப்போகாமல் இருக்க என்ன செய்வோமோ அதேதான் கேமராவுக்கும். அடியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலு, மேலே துணி, அதன் மேல் கேமரா. ஜெல் நீல நிறத்திலிருந்து இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம், வாணலியில் மெல்லிய சூட்டில் வறுத்து மறுபடி நீலமாக்கிக்கொள்ளலாம். அந்த வாணலியைச் சமையலுக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். சாரலில் நனைந்த அன்று மட்டும் உடனே டப்பாவில் போடாமல், துடைத்து, ஃபேனுக்கடியில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டுத்தான் மூடுவேன். அதன் பிறகு மூன்று வருடம், ஒரு பொட்டுப் பூஞ்சை இல்லை.

இதற்குப் பிறகு வந்த மாடல் வாங்கலாமே, பி950 இருக்கிறது, பி1000 இருக்கிறது என்று மகன் சொல்கிறான். 2020-ல் வந்த பி950-க்கும் இதே ஜூம்தான், ஆனால் ரா ஃபைல் தரும். வெள்ளை மேகம் எரிந்துபோகிற தொல்லைக்கு அது நல்ல மருந்து, கையில் காசு இருந்தால் நான் அதைத்தான் வாங்கச் சொல்வேன். பி1000 3000 மி.மீ. வரை போகிறது. எடையும் 1.4 கிலோ. மேகத்துக்கு அவ்வளவு ஜூம் எதற்கும் வேண்டாம். நாலு வருடத்தில் நான் எடுத்த நல்ல படங்களில் முக்கால்வாசி 500 மி.மீ.க்குள்தான் இருக்கிறது. 2000 என்பது நிலாவுக்கும் கோபுரத்துக்கும் மட்டும். சென்னை மாதிரி நாலு பக்கமும் கட்டடம் மறைக்கிற வீடு என்றால், தலைக்கு மேலே மட்டும்தான் வானம் தெரியும் என்றால், இந்தக் கேமராவே வேண்டாம். ஃபோன் போதும். தூரத்தில் ஒரு மலையோ, ஒரு ஏரியோ, கடலோ, வெட்டவெளியோ உங்கள் மாடியிலிருந்து தெரிகிறதா? அப்படியென்றால் வாங்குங்கள்.

எனக்கு இதில் கிடைத்த இன்னொரு உபயோகம் வாடிக்கையாளர்கள். வெளியூரில் இருப்பவர்கள் "வத்தல் எப்பம்மா அனுப்புவீங்க" என்று கேட்டால் முன்பெல்லாம் "மழையா இருக்கு" என்று சொல்வேன், சிலர் நம்பமாட்டார்கள். இப்போது அன்றைய மேகத்தை வாட்ஸாப்பில் அனுப்பிவிடுகிறேன். சென்னையில் இருக்கிற ஒரு அம்மா தென்காசிக்காரர், கல்யாணமாகி அங்கே போனவர். வத்தல் வந்து சேர்ந்த பிறகும், "இன்னைக்கு மலை எப்படி இருக்கு?" என்று வாரம் ஒருமுறை கேட்டு எழுதுகிறார். அனுப்புகிறேன்.

பழசாக வாங்குகிறவர்கள் இதைக் கவனியுங்கள். டார்ச் அடித்து லென்ஸுக்குள் முன்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் பாருங்கள், பூஞ்சை இருந்தால் அப்போதே தெரிந்துவிடும். ஜூமை ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நாலைந்து தடவை ஓட்டுங்கள், நடுவில் திக்கவோ கரகரக்கவோ கூடாது. வெறும் நீல வானத்தை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், ஒரே இடத்தில் கறுப்புப் புள்ளி இருந்தால் உள்ளே தூசி. கடைக்கு வளர்பிறை எட்டாம் நாள் வாக்கில், சாயங்காலம் ஐந்து மணிக்குப் போங்கள். பாதி நிலா உச்சிக்குக் கிட்டத்தில் இருக்கும். கடை வாசலிலேயே நின்று முழு ஜூமில் ஒன்று எடுத்து, பள்ளத்தின் கரை கூர்மையாக வருகிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.